கல்லாவில் உட்கார்ந்து படித்த சன் பார்மா ஆண்டறிக்கை

எங்கள் வீட்டு பீரோவில் அம்மாவின் பட்டுப்புடவைகளுக்கு அடியில் ஒரு பழுப்பு உறை உண்டு. அதற்குள் அப்பா வாங்கி வைத்த ரான்பாக்ஸி என்ற மருந்துக் கம்பெனியின் பங்குக் காகிதங்கள் இருந்தன, மொத்தம் 100 பங்கு. 2015 மார்ச்சில் ரான்பாக்ஸி இன்னொரு மருந்துக் கம்பெனியான சன் பார்மாவோடு இணைந்தபோது ஒரு ரான்பாக்ஸி பங்குக்கு 0.8 சன் பங்கு என்று கொடுத்தார்கள், 100 போய் 80 ஆனது. அப்பாவுக்கு மனசே ஆறவில்லை. "நூறு குடுத்து எண்பது வாங்கறதுக்குப் பேர் வியாபாரமாடா" என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டே இருந்தார். இப்போது அந்த 80 பங்கும் டீமேட் என்ற என் மின்னணுப் பங்குக் கணக்கில் இருக்கிறது, நான் ஒன்றுகூட விற்கவில்லை.

செங்கல்பட்டு பக்கம் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன், 22 வருடம் ஆகிறது. மதியம் இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை கடையில் ஈ ஆடாது, அந்த நேரத்தில்தான் வருடா வருடம் சன் பார்மாவின் ஆண்டறிக்கையைப் படிப்பேன். பங்குதாரனாக ஒரு கண், அந்த மாத்திரைகளை அட்டை அட்டையாக விற்கிறவனாக இன்னொரு கண். போன் வாங்கினால், மிக்ஸி வாங்கினால் எல்லோரும் விமர்சனம் எழுதுகிறோம், பத்து வருடமாகப் பணம் போட்டு வைத்திருக்கிற கம்பெனியின் வருடக் கணக்குக்கு எழுதினால் என்ன என்று தோன்றியது. 2024-25 ஆண்டுக்கானது இது. பங்கு வாங்கு, விற்று விடு என்று சொல்லும் வேலை எனக்கு இல்லை, என் கண்ணில் பட்டதை எழுதுகிறேன்.

முதலில் பெரிய எண்களைச் சொல்லிவிடுகிறேன். மொத்த விற்பனை 52,041 கோடி ரூபாய், முந்தைய வருடம் 47,758 கோடி, அதாவது 9 சதவீதம் கூடியிருக்கிறது. நிகர லாபம் 10,929 கோடி, முந்தைய வருடம் 9,576 கோடி. ஒரு பங்குக்கு சுமார் 45 ரூபாய் சம்பாதித்து அதில் 16 ரூபாயைப் பங்குதாரருக்குப் பிரித்துத் தரும் டிவிடெண்டாகக் கொடுத்திருக்கிறார்கள், முதலில் 10.50, கடைசியில் 5.50. என் 80 பங்குக்கு 1,280 ரூபாய் வந்தது. முந்தைய வருடம் பங்குக்கு 13.50 தான். 2024 மே மாதம் இவர்கள் "விற்பனை ஒற்றை இலக்கத்தின் மேல்பக்கத்தில் வளரும்", அதாவது 10 சதவீதத்துக்குக் கீழே, அதை ஒட்டி வளரும் என்று சொல்லியிருந்தார்கள், 9 சதவீதம் என்பது சொன்ன வாக்கைக் காப்பாற்றியதுதான். இந்த அளவுக்குப் பெரிய கம்பெனி வருடா வருடம் சொன்னதற்குப் பக்கத்தில் வந்து நிற்பது லேசான விஷயம் இல்லை, அதற்கு முழு மதிப்பெண் கொடுக்கிறேன்.

ஆனால் லாபத்தில் இரண்டு எண்கள் இருக்கின்றன, புதிதாகப் படிப்பவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். 10,929 கோடி என்பது கணக்குப்படி வந்த லாபம். அதோடு கூடவே "சரிக்கட்டிய லாபம்" என்று 11,984 கோடி ஒன்றையும் சொல்வார்கள், அது 19 சதவீத வளர்ச்சி என்பார்கள். ஒரே ஒரு தடவை வந்த செலவுகளை எல்லாம் கழற்றி வைத்துவிட்டுப் பார்த்தால் வருகிற எண் அது. தொழில் எப்படி ஓடுகிறது என்று பார்க்க அது உதவும், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒரு "ஒரே தடவை" செலவு வந்துகொண்டே இருந்தால் அது ஒரே தடவை இல்லை, வீட்டு வாடகை மாதிரி ஆகிவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். கடைசிக் காலாண்டில், அதாவது 2025 ஜனவரி முதல் மார்ச் வரை, கணக்குப்படி வந்த லாபம் முந்தைய வருடத்தைவிட 19 சதவீதம் குறைந்தது, சரிக்கட்டியதில் பார்த்தால் கூடியது. நான் எப்போதும் குறைவான எண்ணைத்தான் என் நோட்டில் எழுதுவேன்.

சரி, இனி எனக்கு நன்றாகத் தெரிந்த இடத்துக்கு வருகிறேன். இந்திய விற்பனை 16,923 கோடி, முந்தைய வருடம் 14,889 கோடி, 13.7 சதவீத வளர்ச்சி. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு. முந்தைய வருடம் வரை அமெரிக்காதான் ஒரு முடி முன்னால் இருந்தது, இந்த வருடம் இந்தியா தாண்டிவிட்டது. செய்தித்தாளில் எல்லாம் அமெரிக்கா, அமெரிக்கா என்றே எழுதுகிறார்கள், எனக்கோ இந்த ஒரு வரிதான் இந்த வருட அறிக்கையிலேயே பெரிய சேதி.

ஏன் என்றால் இந்த 13.7 சதவீதம் எப்படி வந்தது என்று பாருங்கள். அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கும் மருந்துகளுக்கு அரசு உச்சவரம்பு விலை வைத்திருக்கிறது, வருடா வருடம் ஏப்ரலில் மொத்த விலைக் குறியீட்டைப் பார்த்து அதை ஏற்றுவார்கள். 2023 ஏப்ரலில் ஒரேயடியாக 12.12 சதவீதம் ஏற்ற அனுமதி வந்தது, அந்த வருடம் எங்கள் கடையில் விலை ஸ்டிக்கரைப் பார்த்துச் சண்டைக்கு வராத வாடிக்கையாளர் இல்லை. 2024 ஏப்ரலில் எவ்வளவு தெரியுமா, 0.00551 சதவீதம். ஒன்றுமே இல்லை என்று அர்த்தம். ஆக 2024-25ல் பட்டியல் மருந்துகளில் விலையை ஏற்றிச் சம்பாதிக்க வழியே இல்லை. பட்டியலுக்கு வெளியே உள்ளவற்றில் வருடத்துக்கு 10 சதவீதம் வரை ஏற்றலாம், அது வேறு. அப்படிப்பட்ட வருடத்தில் 13.7 சதவீதம் வளர வேண்டும் என்றால் மாத்திரை அதிகம் போயிருக்க வேண்டும், புதிய மருந்துகள் ஓடியிருக்க வேண்டும். விலையேற்றத்தில் வந்த வளர்ச்சியைவிட இது கெட்டியானது.

அது எங்கிருந்து வருகிறது என்பதைக் கல்லாவிலிருந்தே பார்க்க முடிகிறது. மாதத்தின் முதல் வாரம், பென்ஷன் வந்த மறுநாள், ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் என் கடைக்கு வருவார். பையில் பழைய காலி அட்டைகளை மடித்து வைத்திருப்பார், டாக்டர் சீட்டெல்லாம் காட்ட மாட்டார், காலி அட்டையை மேசையில் வரிசையாக வைப்பார். கொழுப்புக்கு ரோசுவாஸ் ஒன்று, வயிற்று அமிலத்துக்கு பான்டோசிட் ஒன்று, சர்க்கரைக்கு ஜெமர் ஒன்று. மூன்றுமே சன் பார்மா. அவருக்கு அது தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. "அதே அட்டைதானே தம்பி, கலர் மாறலையே" என்று மட்டும் கேட்பார். இதே உப்பில், அதாவது இதே மூலமருந்தில், விலை குறைந்த மாத்திரை இருக்கிறது என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன், மாற்ற மாட்டார். வலிப்புக்கு லெவிபில் சாப்பிடுகிறவர்களிடம் நான் அதைக்கூடச் சொல்ல மாட்டேன், டாக்டரைக் கேட்காமல் அதில் கை வைக்கவே கூடாது. கொழுப்பு, சர்க்கரை, வலிப்பு, மனநலம் என்று ஒரு தடவை ஆரம்பித்தால் வருடக்கணக்கில் சாப்பிடும் மருந்துகளில் இந்தக் கம்பெனி வேர் விட்டு நிற்கிறது. காய்ச்சல் மாத்திரை மழைக்காலத்தில் ஓடும், வெயிலில் படுத்துவிடும். இது அப்படி இல்லை, மாதச் சீட்டு மாதிரி வந்துகொண்டே இருக்கும்.

அந்த வேர் ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான். சன் பார்மாவைத் தொடங்கிய திலீப் சாங்வியின் அப்பா கல்கத்தாவில் மருந்து மொத்த வியாபாரம் செய்தவர், மகன் அந்தக் கடையில்தான் தொழில் கற்றார். 1983ல் குஜராத்தின் வாபியில் சொந்தக் கம்பெனி தொடங்கியபோது கையில் இருந்தது ஐந்தே மருந்து, எல்லாம் மனநோய்க்கானவை, முதலில் வந்தது லித்தியம் மாத்திரை. எல்லோரும் சளிக்கும் காய்ச்சலுக்கும் ஆன்டிபயாடிக்குக்கும் அடித்துக்கொண்டிருந்த காலத்தில், கொஞ்சம் டாக்டர்கள் மட்டும் எழுதும், ஆனால் நோயாளி விடாமல் வாங்கும் மருந்தை அவர் எடுத்தார். மொத்தக் கடையில் உட்கார்ந்தவனுக்குத்தான் எந்த டப்பா திரும்பத் திரும்பக் காலியாகிறது என்பது தெரியும். நான் கடைக்காரன் என்பதால் இதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

இந்தியச் சந்தையில் இன்றைக்கு முதல் இடம் இவர்களுக்குத்தான், பங்கு சுமார் 8 சதவீதம். வாலினி, ரிவைட்டல், மாக்ஸ் எல்லாம் ரான்பாக்ஸியோடு வந்து சேர்ந்தவை, ரோசுவாஸும் அப்படித்தான். அப்பாவின் நூறு பங்கு எண்பதாக ஆனதில் போனது என்ன, வந்தது என்ன என்று பார்த்தால் வந்தது இந்தப் பெயர்கள்தான். இதய மருந்துக்கு ஒரு எம்.ஆர். (கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி), மூளை நரம்புக்கு ஒருவர், தோலுக்கு ஒருவர் என்று ஒரே கம்பெனியின் பெயரில் மாதம் ஐந்தாறு பேர் கடைக்கு வந்து "சார், நம்ம பிராண்ட் எப்படிப் போகுது" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். அந்த ஐந்தாறு பேரின் செருப்புத் தேய்ச்சலும் 16,923 கோடிக்குள் இருக்கிறது.

அடுத்தது அமெரிக்கா. அங்கே விற்பனை 192 கோடி டாலர், வளர்ச்சி 3.6 சதவீதம் மட்டும். இதை அப்படியே படித்தால் தூங்கி வழிகிற எண் மாதிரி தெரியும். உள்ளே இரண்டு கடைகள் ஒரே கூரையின் கீழ் ஓடுகின்றன, ஒன்று இளைக்கிறது, ஒன்று பருக்கிறது. காப்புரிமை முடிந்த மருந்தை மலிவாகச் செய்து விற்கும் ஜெனரிக் கடை இளைக்கிறது, அங்கே நாலைந்து பெரிய கொள்முதல்காரர்கள் சேர்ந்துகொண்டு விலையை வருடா வருடம் அடிக்கிறார்கள். ரத்தப் புற்றுக்கான லெனலிடோமைடு மாதிரி ஒன்றிரண்டு மருந்துகள் கொஞ்ச காலம் நல்ல காசு கொடுத்தன, அந்தக் காலமும் 2026 ஜனவரி வரைதான், அதோடு கதவு அகலத் திறந்து ஆளாளுக்கு வரலாம். இவர்களுக்கே சொந்தமான காப்புரிமை மருந்துகளின் கடை பருக்கிறது. உலகம் முழுக்க அந்தச் சொந்த மருந்துகளின் விற்பனை 121 கோடி டாலரைத் தாண்டி 17 சதவீதம் வளர்ந்திருக்கிறது. மொத்த விற்பனையில் ஐந்தில் ஒரு பங்கு இப்போது அதுதான்.

அதில் பாதிக்கு மேல் ஒரே மருந்து. இலும்யா என்று பெயர், சொரியாசிஸ் என்னும் செதில் தோல் நோய்க்குப் போடும் ஊசி. 2014ல் மெர்க் கம்பெனியிடம் 8 கோடி டாலர் முன்பணம் கொடுத்து வாங்கினார்கள், பரிசோதனைகள் எல்லாம் முடிந்து 2018 மார்ச்சில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. 2024-25ல் மட்டும் அதன் விற்பனை சுமார் 68 கோடி டாலர். பத்து வருடம் முன்னால் போட்ட 8 கோடி இன்றைக்கு வருடத்துக்கு இவ்வளவு கொண்டு வருகிறது என்றால், நடுவில் பரிசோதனைக்கும் விளம்பரத்துக்கும் கொட்டிய பணத்தை எல்லாம் கழித்தாலும், அது நல்ல கொள்முதல். எனக்குப் பங்குதாரனாக இதில் சந்தோஷம். அதே நேரம் ஒரே தூணில் இவ்வளவு பாரம் ஏற்றியிருப்பது வயிற்றைக் கொஞ்சம் கலக்கவும் செய்கிறது.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயமே இருக்கிறது. நாம் சன் பார்மா என்று நினைத்துக்கொண்டிருக்கும் கம்பெனி வேறு, இந்த அறிக்கையில் இருக்கும் கம்பெனி வேறு. மற்றவன் கண்டுபிடித்ததை அழகாகவும் மலிவாகவும் செய்து விற்ற கம்பெனி, இப்போது மற்றவன் பாதி தூரம் கொண்டு வந்த புதிய மருந்தை விலைக்கு வாங்கி மீதித் தூரத்தைத் தானே நடந்து, தன் பெயரில் விற்கும் கம்பெனியாக மாறிவிட்டது. 2025 ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டில், அமெரிக்காவில் சொந்த மருந்துகளின் விற்பனை ஜெனரிக்கை முதல் தடவையாகத் தாண்டியது என்று அவர்களே அறிவித்தார்கள். இது வேறு தொழில். லாபம் அதிகம், விழுந்தால் அடியும் அதிகம். பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இந்தக் கணக்கைப் படித்தால் நல்லதும் தெரியாது, கெட்டதும் தெரியாது.

வளர்ச்சித் திட்டம் என்று அவர்கள் சொல்வதும் இந்த வழியில்தான். 2023ல் கான்சர்ட் என்ற அமெரிக்கக் கம்பெனியை 57.6 கோடி டாலருக்கு வாங்கினார்கள், அதில் கிடைத்தது லெக்செல்வி, தலைமுடி வட்ட வட்டமாகக் கொட்டிப்போகும் நோய்க்கான மாத்திரை. 2024 ஜூலையில் அனுமதி வந்தது, கடைக்கு வரும் முன்பே இன்சைட் என்ற கம்பெனி காப்புரிமை வழக்குப் போட்டது, நவம்பரில் நீதிமன்றம் தடை போட்டது, 2025 ஏப்ரலில் மேல் நீதிமன்றம் தடையை நீக்கியது, ஜூலையில்தான் விற்பனைக்கு வந்தது. அனுமதிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வருடம் காத்திருந்திருக்கிறார்கள். அடுத்தது செக்பாயின்ட் என்ற கம்பெனி, 2025 மார்ச்சில் அறிவித்தார்கள், முன்பணம் சுமார் 35.5 கோடி டாலர், தோல் புற்றுநோய்க்கான அன்லாக்சிட் அதில் வந்தது. இஸ்ரேலின் டாரோ கம்பெனியை 2007ல் பிடிக்கத் தொடங்கி, வழக்கும் சண்டையுமாக 2010ல் கட்டுப்பாட்டுக்குக் கொண்டு வந்து, மீதிப் பங்கையும் 2024 ஜூனில் பங்குக்கு 43 டாலர் கொடுத்து முழுசாக வாங்கி முடித்தார்கள். பதினேழு வருடம்! சாங்வியின் பொறுமைக்கு நான் தலை வணங்குகிறேன்.

எல்லாம் ஜெயிப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எஸ்.சி.டி-044 என்று ஒரு மாத்திரை, சொரியாசிஸுக்கும் தோல் அரிப்பு நோய்க்கும் வாயால் சாப்பிடும்படி வரும் என்று வருடக்கணக்காக அறிக்கைகளில் எதிர்பார்ப்போடு எழுதி வந்தார்கள், 2025 ஜூனில் இரண்டாம் கட்டப் பரிசோதனையில் தேறவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். அதற்கு அடுத்த மாதமே இலும்யா சொரியாசிஸோடு வரும் மூட்டு வலிக்கும் கேட்கிறது என்று மூன்றாம் கட்ட முடிவு வந்தது. ஒரு கையில் போனது, இன்னொரு கையில் வந்தது. உடல் எடைக்கும் சர்க்கரைக்கும் ஜி.எல்.0034 என்று சொந்தமாக ஒன்று பரிசோதனையில் இருக்கிறது. எடை குறைக்கும் ஊசி மருந்தான செமாக்ளுடைடுக்கு இந்தியாவில் காப்புரிமை 2026 மார்ச் வரைதான் என்பதால் அது முடிந்ததும் எல்லோரும் மோதும் சந்தை அது, என் கடையில் அதற்கு முன்பே வாரத்துக்கு நாலு பேர் "எடை குறையற ஊசி எப்ப விலை இறங்கும்" என்று கேட்டார்கள்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்த எண் ஒன்று உண்டு, ஆராய்ச்சிச் செலவு. 2023-24ல் 3,178 கோடி, விற்பனையில் 6.7 சதவீதம். 2024-25ல் 3,248 கோடி, 6.2 சதவீதம். 2024ல் இவர்கள் சொன்னது 8 முதல் 10 சதவீதம் வரை செலவழிப்போம் என்று! ரூபாயில் கொஞ்சம் கூடியிருக்கிறது, ஆனால் நூறு ரூபாய் விற்றால் ஆறே கால் ரூபாய்கூட ஆராய்ச்சிக்குப் போகவில்லை. விற்பனையில் சொன்னதைச் செய்தவர்கள், இதில் சொன்னதைச் செய்யவில்லை. அடுத்த வருடத்துக்கு, அதாவது 2025-26க்கு, இலக்கையே 6 முதல் 8 என்று இறக்கிவிட்டார்கள். பரிசோதனை தள்ளிப்போனால் செலவு குறையும், புரிகிறது. ஆனால் சொந்த மருந்துதான் இனி எங்கள் வழி என்று அட்டை முதல் அட்டை வரை எழுதுகிற கம்பெனி அதற்கு ஊற்றும் தண்ணீரைக் குறைத்தால் லாபம் இந்த வருடம் அழகாகத் தெரியும், ஐந்து வருடம் கழித்துத்தான் கொடி வாடும். அந்த வருடம் புதிய மருந்துகளை விற்க மட்டும் கூடுதலாக 10 கோடி டாலர் செலவாகும் என்கிறார்கள், விற்பனை வளர்ச்சி ஒற்றை இலக்கத்தின் நடுவிலிருந்து மேல்பக்கம் வரை இருக்கும் என்கிறார்கள். அதாவது இந்த வருடத்தைவிடக் கொஞ்சம் இறங்கலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள், அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

அப்புறம் தொழிற்சாலைகள். இந்தக் கம்பெனியின் பழைய புண் இதுதான், அறிக்கையில் இதற்குக் கொடுத்திருக்கும் இடம் போதவே போதாது. குஜராத்தின் ஹலோல் ஆலையிலிருந்து மருந்து வரக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022 டிசம்பரில் இறக்குமதித் தடை போட்டது, சில மருந்துகளுக்கு மட்டும் விலக்கு. 2023 ஏப்ரலில் மொஹாலி ஆலைக்கு, திருத்த வேலைகளை முடித்துவிட்டுத்தான் அமெரிக்காவுக்குச் சரக்கு அனுப்ப வேண்டும் என்று உத்தரவு. 2024 ஜூனில் தாத்ரா ஆலைக்கு எச்சரிக்கைக் கடிதம். 2025 ஜூனில் ஹலோலுக்குத் திரும்ப வந்து பார்த்தவர்கள் 8 குறைகளை எழுதிவிட்டுப் போனார்கள், செப்டம்பரில் நடவடிக்கை தேவை என்ற வகையிலேயே வைத்துவிட்டார்கள். மொஹாலி ரான்பாக்ஸியோடு வந்த சுமை. ரான்பாக்ஸி தப்புச் செய்ததை ஒத்துக்கொண்டு 2013ல் அமெரிக்காவில் 50 கோடி டாலர் கட்டிய கம்பெனி, அதை 400 கோடி டாலருக்கு வாங்கும்போதே இது தெரியும். ஆனால் ஹலோல் இவர்களுடைய சொந்தப் பிள்ளை, அதற்கு யாரையும் கை காட்ட முடியாது.

இது ஏன் எனக்கு இவ்வளவு பெரிதாகப் படுகிறது என்றால், நான் கையில் அட்டையைத் தொடுகிறவன். சில வருடம் முன்னால் ஒரு கம்பெனியின் மாத்திரை அட்டையைப் பிரித்தால் நாலு குழியில் மாத்திரை பொடிப்பொடியாக உதிர்ந்து கிடந்தது, பெயர் வேண்டாம், சன் பார்மா இல்லை. வாங்கிப்போன அம்மா திரும்பக் கொண்டு வந்து மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்ல முடியும்? வேறு கொடுத்தேன், பழையதை ஸ்டாக்கிஸ்டிடம் அனுப்பினேன், ஆறு மாதம் கழித்தும் அதன் பணத்தைக் கழித்துக்கொள்ளும் கிரெடிட் நோட் வரவில்லை. அந்தப் பார்வையைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. தரம் என்பது அறிக்கையில் ஒரு அத்தியாயம், கல்லாவில் ஒரு முகம். ஆலைக்கு ஆலை என்ன நிலைமை, எந்த வேலை முடிந்தது, எது பாக்கி என்று ஒரே ஒரு பக்கத்தில் அட்டவணை போட்டால் போதும், நாங்கள் படித்துப் புரிந்துகொள்வோம். இப்போது அங்கங்கே ஒரு வரி, இன்னொரு இடத்தில் அரை வரி என்று தேடி எடுக்க வேண்டியிருக்கிறது.

நம் பக்கத்து ஆலையையும் சொல்லாமல் விட முடியாது. மதுராந்தகத்தை ஒட்டி, சாத்தமை கிராமத்தில் இவர்களுக்கு மூலப்பொருள் ஆலை ஒன்று இருக்கிறது, 1997ல் தமிழ்நாடு தாதா பார்மாசூட்டிகல்ஸ் கம்பெனியை வாங்கியபோது கூட வந்தது. வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்தின் 5 கிலோமீட்டர் எல்லைக்குள் இருப்பதால் 2020ல் விரிவாக்க அனுமதி கேட்டபோது பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. கார்த்திகை மாதம் மழை நின்றதும் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு அந்த ஏரிக்கரைக்குப் போவது எங்கள் வீட்டு வழக்கம், நீரில் நிற்கும் கடப்ப மரம் முழுக்க நத்தைகுத்தி நாரை வெள்ளையாகக் காய்த்திருக்கும். கம்பெனியின் பங்கும் என்னிடம் இருக்கிறது, அந்த ஏரியும் எனக்கு வேண்டும். சுற்றுச்சூழல் பற்றி நிறைய பக்கம் எழுதுகிறார்கள், தண்ணீர் இவ்வளவு மிச்சம், மரம் இவ்வளவு நட்டோம் என்று மொத்தக் கணக்கில். எனக்கு மொத்தக் கணக்கு வேண்டாம், அந்த ஒரு ஆலையிலிருந்து போகும் கழிவுநீர் என்ன ஆகிறது என்று தனியாகச் சொல்ல வேண்டும். பங்குதாரர் கூட்டத்தில் கேள்வி கேட்க இப்போது ஆன்லைனில் பெயர் பதிவு செய்யலாம், அடுத்த கூட்டத்தில் இதைத்தான் கேட்கப் போகிறேன்.

கம்பெனியின் தலைமை மாற்றத்தைப் பற்றி இரண்டு வரி. 2025 செப்டம்பர் 1 முதல் கீர்த்தி கனோர்கர் நிர்வாக இயக்குநர், சாங்வி செயல் தலைவராகத் தொடர்கிறார். கனோர்கர் 1996லிருந்து இங்கேயே இருப்பவர், இந்திய வியாபாரத்தைப் பார்த்தவர். அந்த 13.7 சதவீதத்தைக் கொண்டு வந்த பக்கத்திலிருந்தே ஆள் எடுத்திருக்கிறார்கள், எனக்கு நிம்மதி. குடும்பத்தினர் கையில் 54 சதவீதத்துக்கு மேல் பங்கு இருக்கிறது, அதனால் திடீரென்று திசை மாறிவிடாது.

வெளியிலிருந்து வரும் பயம் ஒன்றுதான், அமெரிக்க வரி. 2025 செப்டம்பர் கடைசியில் டிரம்ப், அங்கே ஆலை கட்டாத கம்பெனிகளின் பிராண்டு மருந்துகளுக்கு 100 சதவீத வரி என்று அறிவித்தார், மறுநாள் சந்தையில் இந்தப் பங்கு இறங்கியது. ஜெனரிக் மட்டும் விற்கும் மற்ற இந்தியக் கம்பெனிகள் அந்த அறிவிப்பில் பெரிதாக மாட்டவில்லை, சொந்த மருந்துக்கு மாறிய இவர்கள்தான் மாட்டினார்கள். தொழில் மாறினால் பகையும் மாறும் என்று அப்பா சொல்வார், அது சரியாக இருக்கிறது. 2024-25 கணக்கில் கையில் கடனைவிடப் பணம் அதிகம் இருந்த கம்பெனி என்பதால் அடி விழுந்தாலும் நின்று சமாளிக்கும் என்று நம்புகிறேன்.

பங்கு விலை பார்த்தும் நான் கற்றுக்கொண்டது உண்டு. ரான்பாக்ஸி இணைப்பு முடிந்த 2015 ஏப்ரலில் 1,200 ரூபாயைத் தொட்டது, அப்போது பக்கத்துத் துணிக்கடை நண்பர் கடன் வாங்கி வாங்கினார். 2020 மார்ச்சில் கொரோனா பயத்தில் 350க்கும் கீழே போனது, அவர் நஷ்டத்தில் விற்றுவிட்டு இன்றுவரை மருந்துப் பங்கு என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். 2024ல் 1,900ஐத் தாண்டியது. அவர் வாங்கியது, விற்றது இரண்டுமே அறிக்கையைத் திறக்காமல் நடந்தவை.

அறிக்கையை ஒரு பொருளாக வைத்துப் பார்த்தால், ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். எண்கள் தெளிவாக இருக்கின்றன, பழைய வருடங்களோடு ஒப்பிட அட்டவணை இருக்கிறது, தலைவரின் கடிதம் சுருக்கமாக, அலட்டல் இல்லாமல் இருக்கிறது. போனில் படிக்கக் கஷ்டம், எழுத்து எறும்பு மாதிரி, கடைசியில் கடைக்கு எதிரில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் ஒரு நாற்பது பக்கத்தைப் பிரின்ட் எடுத்து வைத்துக்கொண்டுதான் படித்தேன். ஆலைகளைப் பற்றிய பகுதிக்கு ஒரு மதிப்பெண் பிடித்தேன், ஆராய்ச்சிச் செலவு ஏன் குறைந்தது என்று நேராகச் சொல்லாததற்கு அரை மதிப்பெண். புதிதாகப் படிக்க நினைப்பவர்கள் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டாம், நேராக நிர்வாகத்தின் அலசல் பகுதிக்குப் போய் நாடு வாரியான விற்பனையைப் பாருங்கள், அங்கிருந்து ஆராய்ச்சிச் செலவு, அதற்குப் பிறகு கணக்குக் குறிப்புகளில் "தற்செயல் பொறுப்புகள்" என்று இருக்கும் இடம், வழக்குகள் எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

அந்த நாற்பது பக்கத்தை ஸ்டேப்ளர் அடித்து, பழைய உறைக்குள்ளேயே வைத்துவிட்டேன். போன ஞாயிறு அப்பா எடுத்துப் பார்த்தார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு டிவிடெண்ட் பக்கத்தை மட்டும் விரல் வைத்துப் படித்துவிட்டு, "எண்பதுக்குப் பதினாறு" என்று வாய்க்குள் பெருக்கிப் பார்த்தார். அப்புறம், "ஹலோல் சரியாயிடுச்சாடா" என்று கேட்டார். இன்னும் இல்லப்பா என்றேன்.